மண்டை சாருக்கு ஒரு கையெழுத்து

மதுரையில் மனிதர்களை முகம் பார்த்துப் பேசாமல் மண்டையைப் பார்த்துப் பேசிய ஒரே ஆள் எங்கள் மண்டை சார்தான். எந்தக் கோயில் வாசலில் வேண்டுமானாலும் நின்று இதைச் சத்தியம் செய்வேன். அவர் உங்களிடம் பேசும்போது அவர் பார்வை உங்கள் கண்ணில் நிற்காது. நெற்றிக்கும் உச்சிக்கும் நடுவில் எங்கேயோ மேய்ந்துகொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் காக்கா ஏதும் போட்டுவிட்டுப் போய்விட்டதோ என்று தலையைத் தடவிப் பார்ப்பார்கள்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜ். கீழே, பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போவார்கள். மாடியில் மாத வாடகைக்கு எங்களைப் போல ஆட்கள். மாடியில் கடைசி அறை சாருடையது, அதற்கு முந்தினது என்னுடையது. எனக்குப் பக்கத்துத் தெருவில் பார்சல் ஆபீஸில் வேலை. சார் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் உயிரியல் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி இறந்த பிறகு வீட்டைக் காலி பண்ணிவிட்டு இங்கே வந்துவிட்டார். அவருடைய ஞானஸ்நானப் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. ஒரு தடவை தபால்காரர் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, அப்படி ஓர் ஆளே இங்கே இல்லை என்று நாங்கள் எல்லாரும் கூடி அடித்துச் சொல்லித் திருப்பி அனுப்பினோம். வந்தது அவருடைய பென்ஷன் கடுதாசி. அந்தக் கூட்டத்தில் சாரும் நின்றிருந்தார் என்பதுதான் இதில் விசேஷம். பழக்கதோஷத்தில் அவரும் இல்லை என்று தலையாட்டிவிட்டார்.

ஊரில் ஒருத்தருக்குக் கிரிக்கெட், ஒருத்தருக்கு அரசியல், ஒருத்தருக்குச் சீட்டாட்டம். சாருக்கு மூளை. அதிலும் மூளையில் எந்த இடத்தில் எந்த வேலை நடக்கிறது என்பது. நான் குடிவந்த முதல் நாளே, பெட்டியை இறக்கி வைக்கக்கூட விடாமல் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மண்டைக்குள்ள இருக்கறதும் ஒரு லாட்ஜுதான். ரூமுக்கு ஒரு வேலை. முன்னாடி நெத்தி மடல், அது மேனேஜரு. எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாதுன்னு அதுதான் பாக்கும். காதுக்குப் பக்கத்துல பொட்டு மடல், அது கேக்குற ரூமு. பிடரியில இருக்கறது பாக்குற ரூமு. கண்ணு முன்னாடி, பாக்குற ரூமு பின்னாடி! பிடரியில ஒண்ணு போட்டா கண்ணுல பூச்சி பறக்குதே, ஏன்னு யோசிச்சியா?"

"இல்ல சார்."

"எப்படி யோசிப்ப? உன் மேனேஜரு லீவு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். அடியில் சிறுமூளை, அது தள்ளாடாமல் நடக்கவைக்கும். அதற்கும் கீழே முகுளம், மூச்சையும் நெஞ்சுத் துடிப்பையும் பார்த்துக்கொள்ளும், அதுதான் வாட்ச்மேன். "ஆனா நம்ம வாட்ச்மேன் மாதிரி இல்ல தம்பி, அது தூங்காது" என்றார். கீழே எங்கள் வாட்ச்மேன் நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

அந்தப் பேட்டையில் மண்டை சார் கை வைக்காத மண்டை கிடையாது. டாஸ்மாக் கடையிலிருந்து பட்டப்பகலில் தள்ளாடி வருகிற ஆளை நிறுத்தி, "ஐயா, ஒங்க சிறுமூளை மெதப்புல இருக்கு, பாத்துப் போங்க" என்பார். அந்த ஆள் சுவரைப் பிடித்துக்கொண்டு ரொம்ப மரியாதையாக, "அப்ப என் பெருமூளைண்ணே?" என்று கேட்டால், "அது காலையிலயே கெளம்பிப் போயிருச்சு" என்பார். லாட்ஜ் மேனேஜர் ஒரு நாள் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருந்தார். ஞாபகத்தைச் சேர்த்து வைக்கிற பகுதி கடல்குதிரை மாதிரி வளைந்து இருக்கும், உங்களுக்கு அதில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டு சார் பாட்டுக்குப் போய்விட்டார். மேனேஜர் முகம் வெளுத்து என்னிடம் வந்தார்.

"அண்ணே, எனக்குள்ள குதிரை இருக்குங்கறாரு. ஸ்கேன் எடுத்துப் பாத்துருவமா?"

சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.

இதெல்லாம் சில்லறை. மெஸ் விவகாரம்தான் பெரிசு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கறி மெஸ், மதியம் உட்கார இடம் கிடைக்காது. அங்கே ஆட்டு மூளை ரோஸ்ட் பிரமாதமாக இருக்கும். சார் ஒரு மூளை சொல்வார். வந்ததும் சாப்பிட மாட்டார். பல் குத்தும் குச்சியால் மசாலாவை ஒதுக்கிவிட்டு, எதிரே உட்கார்ந்திருக்கிற முன்பின் தெரியாத மனிதருக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார்.

"இந்தா பாருங்க, இதுதான் மோப்பம் புடிக்கிற எடம். ஆட்டுக்கு இது நம்மளவிடப் பெருசு. இந்தப் பின்பக்கம் பாக்குற எடம். இந்த ஆடு கடைசியா யாரைப் பாத்துச்சோ, அந்த ஆளோட மொகம் இங்கனதான் பதிஞ்சிருக்கும்."

ஒரு நாள் அப்படி மாட்டிக்கொண்டவர் தன் இலையைப் பார்த்தார். அதிலும் ஒரு மூளை. அப்படியே இலையை மூடிவிட்டு எழுந்தார். பக்கத்து மேஜையில் இரண்டு பேர் தயிர்சாதத்துக்கு மாறினார்கள். மெஸ் முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். "மாமா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். பள்ளிக்கூடத்துல நடத்துனது பத்தாதா? ஒங்களுக்கு இனிமே பார்சல்தான்." அன்றிலிருந்து அவருக்கு மூளை பொட்டலமாகத்தான் வந்தது. அறைக்குக் கொண்டுவந்து எனக்குப் பாடம் எடுப்பார். நான் அதற்குப் பிறகு முட்டைக்கு மாறிக்கொண்டேன்.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி என்று அவரைக் கூப்பிட்டார்கள். ஒரு மூளை மாடல் செய்து கொண்டுவர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். சார் யோசித்தார். நேரே சலூனுக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்தார். "மாடல் எதுக்குத் தம்பி? நான் இருக்கேன்ல?"

பின்னந்தலை அவருக்கு எட்டாதல்லவா, அதனால் வரைகிற வேலை என் தலையில் விழுந்தது. சுவரில் அவருடைய பழைய படம், நாற்காலியில் சார், என் கையில் கலர் கலராக மார்க்கர் பேனா. மடல் மடலாகக் கோடு இழுத்து நம்பர் போட்டேன். வாய் ஓயாத மனிதர் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். நான் முடித்துவிட்டேன் என்று சொன்ன பிறகும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சுதா? பின்னாடி ஒரு கோடு விட்டுப் போன மாதிரி இருந்துச்சே" என்றார். விட்டுப் போகவில்லை. இருந்தாலும் போட்ட கோட்டின் மேலேயே இன்னொரு தடவை மெதுவாகப் பேனாவை ஓட்டினேன்.

கண்காட்சியில் சார்தான் கதாநாயகன். பிள்ளைகள் வரிசையில் நின்று நம்பரை அமுக்கின. ஒன்றை அமுக்கினால் சார் வலது கையை ஆட்டுவார், இன்னொன்றை அமுக்கினால் கண்ணை மூடிக்கொண்டு தடுமாறுவார். இடது பக்கம், நெற்றியோரத்தில் ஒரு நம்பர் இருந்தது. அது பேச்சு உண்டாகிற இடம். அதை அமுக்கினால் சார் பேச்சை நிறுத்திவிடுவார், மறுபடி அமுக்கினால்தான் பேசுவார். டீச்சர்கள் விவரமானவர்கள். அதை ஒரு தடவை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

வினை வந்தது எங்கே என்றால், அந்த மார்க்கர் மை அழியாத மை. தேங்காய் எண்ணெய், எலுமிச்சம்பழம், மண்ணெண்ணெய், எதற்கும் மசியவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனால் மாஸ்டர் முதல் கேள்வியே, "பழனியா சித்தப்பு? பஞ்சாமிர்தம் எங்க?" மெஸ்காரர் சமயபுரமா என்றார். மேனேஜர், திருப்பதிக்குப் போகிற ஆள் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போனால் அங்கே எல்லாரும், "வேளாங்கண்ணியா சார்? என்ன வேண்டுதல்?" மதுரையில் ஒரு மனிதன் அறிவியலுக்காக மொட்டை அடிப்பான் என்று ஒரு ஆத்மாவும் நினைக்கவில்லை. பூசை ஆரம்பிக்கும்போது தொப்பியைக் கழற்றித்தானே ஆகவேண்டும்? கழற்றினார். பின்னால் இருந்த பெஞ்சுக்காரர்கள் பாட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சாரைப் படிக்க ஆரம்பித்தார்கள். ஃபாதர் பிரசங்கத்தில் எந்த இடத்தில் விட்டோம் என்று தெரியாமல் ஆமென் சொல்லி முடித்துவிட்டாராம்.

சிரித்தது போதும். இனிமேல் சொல்லப்போவது அம்புட்டு சிரிப்பாக இருக்காது.

பண்டிகை வந்தால் லாட்ஜ் காலியாகிவிடும். பையைத் தூக்கிக்கொண்டு, "வாரேண்ணே", "போறேன் மாமா" என்று ஒவ்வொருத்தராகப் படியிறங்கிப் போவார்கள். மெஸ் ஷட்டரை இறக்கிவிடும். மாடியில் நானும் சாரும்தான் இருப்போம். எனக்குப் போக ஊர் என்று ஒன்று கிடையாது. அப்பா அம்மா போன பிறகு பூட்டின வீட்டை விற்றாகிவிட்டது. கல்யாணம் என்று ஒன்று நடந்து, நின்றும் போய்விட்டது. அதையெல்லாம் இங்கே எழுதி உங்கள் பொழுதைக் கெடுப்பானேன்.

அந்தப் பொங்கலன்று மத்தியானம், ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கி வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். எப்போதும் இரைகிற பஸ் ஸ்டாண்டுகூட அடங்கிக் கிடந்தது. சார் தானாகவே பேச்சை எடுத்தார்.

"என் வீட்டுக்காரிக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு தம்பி. எங்க அடைச்சுச்சு தெரியுமா? இங்க." இடது நெற்றியோரத்தைத் தொட்டுக் காட்டினார். "ஒரு பெரிய பொட்டு வைக்கிற அளவு எடம்தான். பேச்சு போச்சு. நான் சொல்றதெல்லாம் அவளுக்குப் புரியும். கேக்குற ரூமு பழுதில்லாம இருந்துச்சு. திருப்பிச் சொல்லத்தான் வராது. எத்தனையோ வருசமா அந்த எடத்தைக் கரும்பலகையில வரைஞ்சு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தவன் நான். அங்க என்ன பழுதுன்னு தெரியும், சரி பண்ணத் தெரியல. நான் பேசிக்கிட்டே இருப்பேன், அவ என் வாயவே பாத்துக்கிட்டு இருப்பா. நான் நிறுத்தினா கையப் புடிச்சு ஆட்டுவா, பேசு பேசுன்னு. அப்படிப் பழகிருச்சு. அவ போய்ட்டா. பேச்ச நிறுத்தத்தான் எனக்குத் தெரியல."

நான் வாழைப்பழத்தை உரித்துவிட்டுத் தின்னாமல் வைத்திருந்தேன்.

"ஒரு முடிவு பண்ணிட்டேன்" என்றார். "என் உடம்ப மெடிக்கல் காலேஜுக்கு எழுதிக் குடுத்துரப் போறேன். வகுப்பெடுத்த காலம் பூரா நான் படத்தத்தான் காட்டுனேன், ஆட்டு மூளையத்தான் தொட்டேன். மனுச மூளைய ஒரு நாள்கூடத் தொட்டதில்ல. என்னோடதையாவது பிள்ளைக தொட்டுப் பாக்கட்டும்."

"நல்ல காரியம்தானே சார்."

"நல்ல காரியம்லாம் அப்புறம். நெசத்தச் சொல்றேன் கேளு. மண்ணுல பொதைச்சா யாரு வந்து பாக்கப் போறா? அங்கன்னா பிள்ளைக சுத்தி நிப்பாக. கையில எடுப்பாக. சார் இப்படி இருந்திருக்காரு, அப்படி இருந்திருக்காருன்னு நாலு வார்த்தை பேசுவாக. கூட்டமா இருக்கும்ல?"

இப்படியொரு காரணத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

பொங்கல் முடிந்ததும் இரண்டு பேரும் மெடிக்கல் காலேஜுக்குப் போனோம். ஆபீஸில் இருந்த அம்மா உட்காரச் சொல்லி மரியாதையாகப் பேசினார். விண்ணப்பப் பாரத்தைக் கொடுத்தார். நெருங்கின சொந்தம் ஒருத்தர் சம்மதித்துக் கையெழுத்துப் போடவேண்டும், பிற்பாடு அவர்தான் பொறுப்பாக ஒப்படைக்கவேண்டும் என்று விளக்கினார். பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை. கூடப் பிறந்தவர்கள்? சார் மின்விசிறியைப் பார்த்தார். இல்லை என்றார்.

"நான் போடுறேம்மா" என்றேன்.

"நீங்க இவருக்கு என்ன முறை?"

"பக்கத்து ரூமு."

"அப்படி ஒரு முறை இதுல இல்லையே சார்" என்றார் அந்த அம்மா, சிரிக்காமல். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

சார் அசரவில்லை. "நம்ம பேட்டையில சொந்தத்துக்கா பஞ்சம்?" என்றார். அவர் சொன்னதும் வாஸ்தவம்தான். எங்கள் ஊரில் முன்பின் தெரியாதவனைக்கூட அண்ணே, மாப்ள, பங்காளி என்றுதான் கூப்பிடுவோம். டீ மாஸ்டருக்கு அவர் சித்தப்பா, மெஸ்காரருக்கு மாமா, மேனேஜர் உற்சாகமாக இருந்தால் மச்சான் என்பார். அம்புட்டு உறவும் வாயோடு நின்றுவிடும் என்று சாருக்குத் தோன்றவேயில்லை. பாரத்தை எடுத்துக்கொண்டு நேரே டீக்கடைக்குப் போனார்.

"ஏப்பா, நீ என்னைச் சித்தப்பாங்கறீல்ல? இதுல ஒரு கையெழுத்துப் போடு."

"எதுக்குச் சித்தப்பு?"

"நான் செத்தப்புறம் என்னைத் தூக்கிக் குடுக்க."

மாஸ்டர் அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கி வழிந்தது. "ஆத்தாடி! உசுரோட நிக்கிற மனுசனுக்கு நான் போய்க் கையெழுத்துப் போடவா? எனக்குச் சர்க்கரை இருக்கு சித்தப்பு, என்னை விட்ரு." சர்க்கரைக்கும் கையெழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்கவில்லை. மெஸ்காரர், "மாமா, வேணும்னா ஒரு மாசத்துக்கு மூளை ஃப்ரீயாத் தாரேன், இது மட்டும் கேக்காதீக" என்று கெஞ்சினார். மேனேஜர், போலீஸ் கேஸ் கீஸ் ஆகிவிட்டால் லாட்ஜ் பெயர் கெட்டுவிடும் என்றார். வாட்ச்மேன் மட்டும் போடத் தயாராக இருந்தான். பாரத்தைக் கொடுத்துவிட்டுப் பார்த்தால் தூங்கிப் போயிருந்தான்.

அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அம்புட்டு நேரமும் சிரித்த மாதிரி இருந்த முகம் தொங்கிவிட்டது. "கூப்புடுறப்ப எல்லாரும் சொந்தம்" என்றார். பாரத்தைத் தலையணைக்கு அடியில் வைத்தார். பிறகு, "எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா தம்பி" என்றார்.

"அன்னைக்கு இல்லைன்னீங்களே?"

"இருக்கா. ஒத்தக்கடையில. வீட்டுக்காரர் தவறிட்டாரு. மகன் துபாய்ல. என் வீட்டுக்காரி செத்தப்ப, அண்ணே என்கூட வந்து இருன்னு கூப்பிட்டா. நான் பாரமா இருக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவ கூப்பிடல, நானும் போகல. கிறிஸ்மஸுக்குப் போன் பண்ணுவா. நல்லா இருக்கியான்னு கேப்பா, நல்லா இருக்கேம்பேன். அம்புட்டுத்தான்."

"மொட்டையடிச்சுக்கிட்டு ஒத்தக்கடைக்கே போனீங்களே, அப்பக்கூட எட்டிப் பாக்கலையா?"

"அவ தெருமுனை வரைக்கும் போனேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். யானைமலை தெரிய ஆரம்பித்ததும் சாருக்கு உயிர் வந்துவிட்டது. "எல்லாரும் யானைங்கறாங்க. சரியாப் பாரு தம்பி, பக்கவாட்டுல வச்ச பெருமூளை! அந்த முனை நெத்தி மடல்!" என்று ஜன்னலோரம் இருந்த ஆளைத் தாண்டிக் கையை நீட்டினார். வீடு நெருங்க நெருங்க மறுபடி பேச்சு குறைந்துவிட்டது.

புதிதாக பிளாட் போட்ட இடத்தில் சின்ன வீடு. கதவைத் திறந்த தங்கை, பெயர் ஆரோக்கியம், சாரின் மண்டையைப் பார்த்தார். முடி முளைத்திருந்தாலும் நம்பர் இன்னும் லேசாகத் தெரிந்தது. "என்னண்ணே இது கோலம்?" என்றார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தார். சார் வந்த விஷயத்தைச் சொல்லிப் பாரத்தை நீட்டினார். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுசாகப் படித்தார். மடித்தார். மேஜையில் வைத்தார்.

"போட மாட்டேன்."

"ஏம்மா?"

"அண்ணி கல்லறைக்குப் பக்கத்துல ஒனக்கு எடம் வாங்கிப் போட்டிருக்கே, அதுல யாரை வைக்க? கடைசி நாள்ல எக்காளம் ஊதுறப்ப எல்லாரும் எந்திரிப்பாக. அண்ணியும் எந்திரிச்சுப் பக்கத்துல பாப்பாக. நீ இருக்க மாட்ட. எங்கன்னு என்னைக் கேட்டா என்ன சொல்ல? ஆஸ்பத்திரியில பாட்டில்ல இருக்காகன்னு சொல்லவா?"

"ஆண்டவருக்குத் தெரியாதா ஆரோக்கியம்? எங்கன இருந்தாலும் சேத்து எழுப்பிருவாரு."

"எழுப்புவாரு. மண்டையில ஒண்ணும் இல்லாம எழுப்புவாரு."

"இருக்கும்போதே எம்புட்டுப் பேரு அது இல்லாம நடமாடுறாக" என்றார் சார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மா சிரிக்கவில்லை.

"அண்ணே, ஆளைப் பாத்து அடையாளம் கண்டுக்கறதுக்கு மூளையில தனியா ஒரு எடம் இருக்குன்னு நீதானே சின்னப் புள்ளையில இருந்து எனக்குச் சொல்லுவ? அந்த எடத்தையும் காலேஜுப் புள்ளைககிட்டக் குடுத்துட்டு வந்து நின்னா, அண்ணி மொகத்த எப்படிக் கண்டுபிடிப்ப?"

சார் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். அந்தப் பேட்டையில் யாராலும் மடக்க முடியாத மனிதர், ஒத்தக்கடையில் காலியான காபி டம்ளரை மறுபடி வாயில் கவிழ்த்தார். அவர் பாடத்தை வைத்தே அவரை மடக்கிவிட்டார் தங்கை.

"அது இருக்கட்டும்" என்றார் அந்த அம்மா. குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் அவுகவுக ஆளுககிட்டப் போய் ஒக்காந்திருப்பாக. நான் எங்க போய் ஒக்காந்து அழுவேன்?"

சார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அழுவியா?" என்றார்.

"பின்ன? ஒனக்கு அழாம யாருக்கு அழுவேன்? இந்த வீட்டுல நானும் டிவியும்தான். நீதான் பாரம் பாரம்னு சொல்லி லாட்ஜுல போய் ஒக்காந்துக்கிட்ட. எனக்குப் பாரம் வேணும்ணே. ஒத்தையா இருக்க முடியல." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, நீங்களும் இருந்து சாப்பிட்டுப் போங்க, மீன் கொழம்பு" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் சார் பாரத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, கையெழுத்து இருக்கவேண்டிய அந்த வெற்று இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். கையெழுத்துக் கிடைக்கவில்லை என்று ஒரு மனிதன் இம்புட்டுச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. டிக்கெட் கேட்டு வந்த கண்டக்டரிடம், "என் தங்கச்சி கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டா!" என்றார்.

"அடடா, எதுக்குண்ணே?"

"என் பொணத்துக்கு!"

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போனவர், ஆரப்பாளையம் வரை எங்கள் பக்கம் வரவேயில்லை.

அந்த மாதக் கடைசியில் சார் தங்கை வீட்டுக்குப் போக அறையைக் காலி பண்ணினார். ஆட்டோவில் சாமான் ஏற்றும்போது டீ மாஸ்டர், மெஸ்காரர், மேனேஜர் எல்லாரும் வந்து நின்றார்கள். மெஸ்காரர் ஒரு மூளை பார்சல் கொடுத்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆட்டோ கிளம்பும்போது சார் என்னிடம், "ஞாயித்துக்கெழமை வந்துரு" என்றார். நான் மாடிக்குப் போனேன். பக்கத்து அறை திறந்து கிடந்தது. ரொம்ப நாளாகவே எனக்குத் தனியாக இருக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சார் பக்கத்தில் இருந்ததால்தான் அப்படி நினைத்திருக்கிறேன் என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். போன வாரம் சாப்பாடு முடிந்ததும் ஆரோக்கியம் அக்கா கேட்டார், "ஒங்களுக்கு யாருப்பா இருக்கா?"

"யாரும் இல்லக்கா. நானும் ஒரு பாரம் வாங்கிட்டு வரலாம்னு இருக்கேன். சாருக்காவது போட மாட்டேன்னு சொல்ல ஒரு ஆள் இருந்துச்சு. எனக்கு அப்படிச் சொல்லவும் ஆள் கெடையாது."

விளையாட்டாகத்தான் சொன்னேன். குரல் விளையாட்டாக வரவில்லை. அக்கா தட்டை எடுக்காமல் நின்றார். கை கழுவிக்கொண்டிருந்த சார் குழாயை மூடினார்.

"கொண்டாந்து நீட்டிப் பாரு" என்றார். "நான் போட மாட்டேன்."

அந்தப் பாரத்தை நான் இன்னும் வாங்கவில்லை. வாங்கித்தான் என்ன செய்ய, அவர்தான் போட மாட்டாரே.